வண்டியில் போகும்போது அடிபட்டது

மத்திய மோட்டார் வாகன விதிகள், விதி இரண்டு, உட்பிரிவு ‘யு’. பேட்டரியால் ஓடும் வண்டியின் மோட்டார் கால் கிலோவாட்டுக்குக் குறைவாக இருந்து, அதன் வேகம் மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டரைத் தொடாமல் இருந்து, அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் அதற்குச் சான்றும் கொடுத்திருந்தால், அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. பதிவு எண் வேண்டாம், ஓட்டுநர் உரிமம் வேண்டாம், காப்பீடு வேண்டாம். சட்டத்தின் கண்ணுக்கு அது சைக்கிள்.

இந்த விதியை என் தங்கை கணவருக்கு ஒரு முறையும், தங்கை மகனுக்குப் பல முறையும், காவல் நிலைய ரைட்டருக்கு எழுத்து மூலமாகவும் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். மம்பட்டியின் மரப்பிடிக்கு, அந்தக் கணைக்குச் சொல்லத்தான் வாய்க்கவில்லை. அது தங்கை கணவரின் தோள்பட்டையில் இறங்கியபோது காய்ந்த பருத்திமாரை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம் கேட்டது. மனித எலும்புக்கு அவ்வளவு சாதாரணமான சத்தம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

எலும்பு கூடிவிடும். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அடி விழுந்த நாளிலிருந்து எனக்கிருந்த ஒரே கவலை எனக்கு மருமகன் முறையான தங்கை மகன்தான். அவன் அரிவாளைக் கையில் எடுத்துவிடக் கூடாது. வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பாதைத் தகராறு, வரப்புத் தகராறு என்று எங்கள் பக்கத்துக் கோப்புகளை எவ்வளவோ புரட்டியிருக்கிறேன். முதல் தாளில் அடிதடி இருக்கும், கடைசித் தாளில் பிரேதப் பரிசோதனை இருக்கும். நடுவில் உள்ள தாள்கள் எல்லாம் ‘பரிசீலனையில் உள்ளது’.

எனக்குக் கோவில்பட்டியில் வீடு. தங்கையைக் கட்டிக்கொடுத்தது நாகலாபுரத்துக்கு அந்தப் பக்கம், மானாவாரிப் புஞ்சை வைத்திருக்கும் குடும்பத்தில். எனக்கும் தங்கை கணவருக்கும் ஒரே வயது, ஒரே சர்க்கரை, ஒரே மாதிரித் தேய்ந்த முழங்கால். அவருடைய தூரத்துப் புஞ்சைக்குப் போக ஒரு வண்டிப்பாதைதான் உண்டு. மொபட்டில் போய் கரிசல் வெடிப்பில் சக்கரம் இறங்கி இரண்டு முறை முகத்தில் விழுந்தார். இரண்டாம் முறை முன்பல் ஒன்று வெடிப்புக்குள்ளேயே போய்விட்டது. அதன் பிறகு மகன் மொபட்டைப் பிடுங்கி விற்றுவிட்டான். நடக்க முழங்கால் விடவில்லை. புஞ்சையைப் பார்க்காமல் இருக்க மனசு விடவில்லை.

மகன் காற்றாலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறவன். ஆடிக் காற்றில் கம்பத்தின் உச்சியில் தொங்கிக்கொண்டு போல்ட்டு முறுக்குகிற வேலை. முப்பது வயது. கையில் வலுவும் வாயில் கெட்ட வார்த்தையும் தாராளம். அப்பா என்றால் உயிர். எலெக்ட்ரிக் மவுண்டன் பைக் என்று ஒன்று இருப்பதை அவன்தான் போனில் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

“மாமா, காடுகரையில ஓட்டுததுக்குன்னே செஞ்ச சைக்கிளு. டயரு அகலம், வெடிப்புல எறங்காது. முன்னால ஷாக்கு. அப்பா மிதிச்சாப் போதும், மோட்டாரும் கூடச் சேந்து மிதிக்கும். உங்களுக்கும் ஒண்ணு எடுத்திருவோம்.”

“எனக்கு எதுக்குலே?”

“அவிய தனியா விழுந்தா தூக்கிவிட ஒரு ஆளு வேணும்லா.”

அந்த ஒரு மாதம் நானும் அவனும் பேசியது வேறு எதுவும் இல்லை. மோட்டார் பின்சக்கரத்தின் குடத்துக்குள் இருப்பது நல்லதா, மிதிக்கட்டையின் அச்சில் இருப்பது நல்லதா? அச்சில் இருந்தால் மேட்டில் நன்றாக இழுக்கும், பஞ்சரானால் சக்கரத்தைச் சுலபமாகக் கழற்றலாம் என்றான் அவன். அப்படி இருந்த வண்டிகளில் பாதிக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. நம் ஊர்ச் சோதனைச் சான்று இல்லாதவை. அவன் இழுவிசையைப் பேசினான், நான் வாட்டைப் பேசினேன். கடைசியில் சக்கரத்துக் குடத்தில் மோட்டார் உள்ளதற்கே இறங்கி வந்தான். முள்ளுக்கு டயருக்குள் பஞ்சர் மருந்து ஊற்றிக்கொள்ளலாம் என்று முடிவானது.

மதுரையில் ஒரு கடைக்குப் போனோம். விற்பனைப் பையன் டை கட்டியிருந்தான்.

“சார், இது ஆல் டெரைன். மலை, காடு, மணல், எதுலயும் போகும்.”

“கரிசல்ல?”

“அது எங்க சார் இருக்கு?”

மருமகன் கடை அதிரச் சிரித்தான். நான் சோதனைச் சான்றின் நகல் கேட்டேன். பையன் மேலாளரைக் கூப்பிட்டான். மேலாளர் எங்கோ போன் போட்டார். “ஐயா, இதுவரைக்கும் கஸ்டமர் யாரும் இதக் கேட்டதில்லங்க” என்றார். கேட்காதவர்களுக்கு என்ன ஆகும் என்று அவருக்கு விளக்கினேன். கேட்டவனுக்கு என்ன ஆகும் என்பது எனக்கும் அப்போது தெரியாது.

மருமகன் கம்பெனியில் கடன் போட்டு அப்பாவுக்கு வாங்கினான். எனக்கு என் ஓய்வூதியம். ஒரே வண்டிதான் இரண்டும். ஒரே ஒரு வித்தியாசம். அவருடையதில் கைப்பிடியைத் திருகினாலே ஓடும் வசதி உண்டு, என்னுடையதில் மிதித்தால்தான் மோட்டார் வேலை செய்யும். முழங்கால் ரொம்ப வலிக்கிற நாளைக்கு அது வேண்டும் என்று மகன் கேட்டு வாங்கினான்.

தங்கை கணவர் வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். “மச்சான், மிதிக்கணும்னா எதுக்குப் பேட்டரி? பேட்டரி ஓட்டும்னா எதுக்குப் பெடலு? இது என்ன, பாதி மாடு பாதி குதிரையா?”

“ஏறிப் பாருங்க மாப்ள.”

ஏறிப் பார்த்தார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தபோது வேட்டி செயினில் மாட்டிக் கிழிந்திருந்தது. பல் இல்லாத வாயால் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் டவுசர் போடத் தொடங்கியதை ஊரே வந்து பார்த்தது.

கரிசலில் ஓட்டுவது உடற்பயிற்சி என்று டாக்டர்கள் நினைக்கிறார்கள். அது ஒரு சண்டை. கோடையில் தரை பிளந்து கிடக்கும். அகன்ற டயர் வெடிப்பில் இறங்காது, ஆனால் ஒவ்வொரு வெடிப்பும் கைப்பிடி வழியாக ஏறி மணிக்கட்டில் குத்தும். வீட்டுக்கு வந்து தண்ணீர்ச் செம்பைப் பிடித்தால் கை ஆடும். காற்றுக்காலத்தில் எதிர்க்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். மோட்டாரை உச்சத்தில் வைத்தாலும் நடக்கிற வேகம்தான். சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்துக் காலுக்குள் ஒடிந்து நிற்கும். ஒரு தடவை நான் ஓடைக்கரையில் உருண்டதில் தாடை கிழிந்து தையல் போட்டார்கள். தங்கை கணவர் அந்த ரத்தத்தைத் தன் துண்டால் துடைத்துவிட்டு, “மச்சான், ரிட்டேர்டு ஆன பெறகு இப்பத்தான் நீங்க மொத மொதலா வேல பாக்கீங்க” என்றார். நாங்கள் இருவரும் சந்தோஷமாக இருந்தோம் என்பதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் உண்மை.

வண்டிப்பாதை பக்கத்துப் புஞ்சைக்காரர் ஒருவருடைய நிலத்தை ஒட்டிப் போகிறது. ஐம்பது வயது இருக்கும். முந்தின வருடம் காட்டுப்பன்றிகள் அவருடைய மக்காச்சோளத்தை ஒரே ராத்திரியில் புரட்டிப் போட்டுவிட்டன. அதிலிருந்து அவர் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை. புஞ்சையைச் சுற்றிக் கம்பி கட்டினார். செத்த பன்றி ஒன்றைக் கம்பியிலேயே நாறவிட்டார். உள்ளே வந்த நாயைக் கல்லால் அடித்தே கொன்றார். அந்த வருடம் உழவின்போது வண்டிப்பாதையில் பாதியைச் சேர்த்து உழுது சோளம் ஊன்றிவிட்டார். மீதிப் பாதியின் குறுக்கே கருவேல முள்ளை வெட்டிப் போட்டார். எனக்கு இதெல்லாம் புதிதல்ல. நிலஅளவைக்கு மனுச் செய்தால் அளந்து கல் போடுவார்கள் என்று தங்கை கணவரிடம் சொன்னேன். மனுவும் எழுதிக் கொடுத்தேன்.

ஐப்பசியில் முதல் மழை பெய்து வெயில் அடித்த ஒரு காலை. கரிசல் மேலே காய்ந்து தெரியும், உள்ளே பிசினாக இருக்கும். தங்கை கணவர் முள்ளைக் காலால் ஒதுக்கிவிட்டுக் கைப்பிடியைத் திருகினார். உழுத மண்ணில் ஏறியதும் டயரில் மண் ஒட்டியது. ஒட்டின மண்ணில் மண் ஒட்டி, சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே அடைத்துக்கொண்டது. மோட்டார் முனகியது, சக்கரம் சுற்றவில்லை. காலை ஊன்றினார். கால் கணுக்கால் வரை இறங்கியது. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் அவர் நின்ற இடத்துக்கு மம்பட்டியோடு புஞ்சைக்காரர் வந்தார்.

“எவன்லே அது, வெதச்ச காட்டுக்குள்ள வண்டிய விடுதது?”

“அண்ணாச்சி, இது வண்டிப்பாதை” என்றேன் நான், பின்னால் நின்றபடி.

“பாதையா? எங்கன கெடக்கு பாதை? காட்டும் பாப்பம்.”

புல எண்ணைச் சொன்னேன். நிலஅளவைப் புலப்படத்தில் பாதைக்கான இரட்டைக் கோடு போட்டிருப்பதைச் சொன்னேன்.

“ஒம்ம படத்த வீட்டுல ஆணியடிச்சு மாட்டும். சர்க்கார் சம்பளம் நின்னும் திமிரு நிக்கலயோ?”

தங்கை கணவருக்குக் கோபம் வந்தால் சிரிப்பார். அப்போதும் சிரித்தார். “ஏன் வே, பன்னிக்கு முள்ளுப் போட்டீரு, சரி. மனுசனுக்குமா போடுவீரு?”

“பன்னியும் நீயும் ஒண்ணுதாம்லே. ரெண்டும் என் சோளத்தத்தான் மிதிக்கு.”

“பன்னி சோளத்தத்தான் திங்கும். நீரு பாதையவே உழுது திங்கீரே. பன்னியே மேலுவே!”

மம்பட்டி தலைகீழாகத் திரும்பியதை நான் பார்த்தேன். தகடு மேலே போய்க் கணை முன்னால் வந்தது. முதல் அடி தோள்பட்டையில். இரண்டாவது இடது காதில். காதிலிருந்து வந்த ரத்தம் கழுத்துக்கு வரும் முன் அவர் வண்டியோடு சரிந்தார். மூன்றாவதைப் புஞ்சைக்காரர் அவருடைய தொடையில் போட்டார். நான் ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். முழங்கையால் என் மூக்கில் ஒன்று கொடுத்தார். சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரத்திலும் என் வாயிலிருந்து வந்தது புல எண்தான்.

ஆளை அடித்தது போதவில்லை. மம்பட்டியை நேராகத் திருப்பி வண்டியை வெட்டினார். முதல் வெட்டில் பிரேக் வயர் அறுந்தது. இரண்டாம் வெட்டு சட்டத்துக்குள் பேட்டரி இருந்த இடத்தில் இறங்கியது. உஸ்ஸென்று ஒரு சத்தம், பாம்பைப் போல. வெள்ளைப் புகை. பிறகு தீ, பக்கவாட்டில் பீறிட்டுக்கொண்டு. தீப்பெட்டி செய்கிற ஆபீசில் குச்சிமருந்து பற்றிக்கொண்டதை ஒரு தடவை பார்த்திருக்கிறேன், அதே வெறி. தங்கை கணவரின் கால் வண்டிக்கு அடியில் கிடந்தது. கெண்டைக்காலைப் பிடித்து இழுத்தேன். கால் வரும் முன்பே தோல் என் கையோடு வந்துவிட்டது. அவர் அலறிய சத்தத்தில்தான் புஞ்சைக்காரருக்குத் தான் செய்தது உறைத்திருக்க வேண்டும். மண்ணை வெட்டி வெட்டித் தீயின் மேல் போட்டார். பிறகு மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்களைப் பார்க்காமல், ஊரைப் பார்த்து ஓடினார். முதலில் காவல் நிலையம் போய்ச் சேர்ந்தது அவர்தான். இரண்டு கிழவர்கள் பேட்டரி வண்டியை விதைத்த காட்டுக்குள் விட்டதாகவும், வண்டி வெடித்துத் தீப்பிடித்ததாகவும், தான் மண்ணை வெட்டிப் போட்டு ஒரு உயிரைக் காப்பாற்றியதாகவும் எழுதிக் கொடுத்திருந்தார். என் பணிக்காலத்தில் இவ்வளவு கச்சிதமான மனுவை நான் பார்த்ததில்லை.

இங்கேதான் என் தங்கை வருகிறாள். அரசு மருத்துவமனையில் நான் அடுத்த அறையில் உள்ளங்கைக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தேன். அவள் தலைவிரிகோலமாக ஓடி வந்து ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதிவேட்டோடு வந்த டாக்டர், “என்னம்மா ஆச்சு?” என்று கேட்டார்.

“வண்டில போகையில அடிபட்டுட்டாவ சார்.”

நான் வெளியே வருவதற்குள் டாக்டர் எழுதிக்கொண்டார். இரு சக்கர வாகன விபத்து. எலும்பு முறிவு. தீக்காயம். அவர் மேல் தப்பே இல்லை. ‘வண்டில போகையில அடிபட்டுட்டாவ’ என்று எங்கள் ஊரில் யார் சொன்னாலும் அதற்கு அந்த ஒரே அர்த்தம்தான். இந்த ‘படு’ என்கிற சொல் அடி வாங்கியவனை மட்டும் வாக்கியத்தில் விட்டுவிட்டு அடித்தவனை வெளியே அனுப்பிவிடும். ‘வண்டி’ என்ற சொல்லோ மொபட்டுக்கும் உண்டு, புல்லட்டுக்கும் உண்டு, சைக்கிளுக்கும் உண்டு. இரண்டு சொல்லும் சேர்ந்து அன்றைக்கு ஒரு புஞ்சைக்காரரை விடுதலை செய்துவிட்டன.

பிறகு அவளிடம் கேட்டேன். “ஏட்டி, அடிச்சான்னு சொல்லியிருக்கலாம்லா?”

“பத்துப் பேரு நிக்காவ அண்ணே. எம் புருசன ஒருத்தன் மம்பட்டியால அடிச்சான்னு எப்படி வாயத் தொறந்து சொல்லுவேன்? அவியளுக்குக் கேட்டா உசுர விட்டுருவாவ.”

அவருக்குக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. அவள் நின்ற பக்கம் இருந்த இடது காது செத்துவிட்டது. ஆனால் விஷயம் தெரிந்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, “எழுதுனது எழுதுனபடியே இருக்கட்டும் மச்சான்” என்றார். அதை மகன் வாசலில் நின்று கேட்டான்.

காவல் நிலைய ரைட்டர் மரியாதையானவர். எனக்கு நாற்காலி போட்டார். நான் கொடுத்த வாக்குமூலத்தைக் கடைசி வரை படித்தார்.

“சார், நீங்க அவருக்கு மச்சான் முறை. அந்த ஆளு முதல்ல வந்து எழுதிக் குடுத்துட்டாரு. ஆஸ்பத்திரித் தாளு ஆக்சிடென்ட்ங்குது. நான் என்ன செய்ய? ஆக்சிடென்ட்னா வண்டிக்கு ஆர்.சி. எங்க? இன்சூரன்ஸ் எங்க? லைசென்ஸ் எங்க? நியாயமாப் பாத்தா உங்க மேலதான் நான் கேஸ் போடணும்.”

விதியைச் சொன்னேன்.

“திருகினா ஓடுதுன்னு எல்லாரும் சொல்லுதாங்க. திருகினா ஓடுதது எப்படி சார் சைக்கிளு? ஒண்ணு செய்யுங்க. இது மோட்டார் வாகனம் இல்லன்னு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. பெறகு பிரிவ மாத்துததப் பத்திப் பேசலாம்.”

வக்கீலிடம் போனேன். நீதிமன்றத்துக்கு நேராகப் போகலாம், ஆனால் அதற்கும் அந்தக் கடிதம் கையில் இருந்தால் நல்லது என்றார். ஆக எல்லாம் ஒரு கடிதத்தில் வந்து நின்றது. அன்றைக்கே மனு எழுதினேன். சான்றின் நகல், கொள்முதல் ரசீது, எரிந்த வண்டியின் படம், விதியின் பிரதி. பதிவுத் தபாலில் ஒன்று, நேரில் ஒன்று, இணையத்தில் ஒன்று. எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப் போவதில்லை.

ஊர் தன் தீர்ப்பை எழுத யாருக்கும் மனுப் போடவில்லை. எரிந்த வண்டியின் படம் போனுக்குப் போன் பறந்தது. ‘எலெக்ட்ரிக் சைக்கிள் வெடித்து முதியவர் படுகாயம், சார்ஜ் போடும்போது கவனம் தேவை’ என்று அதன் கீழே எழுதியிருந்தது. எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள். குளத்தூரில் உப்பளம் வைத்திருக்கும் உறவினர் கூப்பிட்டு, வண்டியை இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது என்று அறிவுரை சொன்னார். டீக்கடையில் புஞ்சைக்காரர் சொன்னது வேறு. “காத்தாடிக் கம்பெனிக்காரன் அப்பனுக்கு வெடி வாங்கிக் குடுத்துருக்கான். தீவாளி வரைக்கும் பொறுக்க முடியல, முந்தியே வெடிச்சுட்டு.” கடை முழுக்கச் சிரித்தது. அப்போது மருமகன் கடைக்கு வெளியே பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் கோவில்பட்டிக்கு வந்தான். உட்காரவில்லை.

“நான்தான அந்தச் சைக்கிள வாங்கிக் குடுத்தேன்? நான்தான திருகுததுக்கு வேணும்னு கேட்டு வாங்குனேன்? இப்ப நான்தான் எங்கப்பனக் கொல்லப் பாத்தேனாம் மாமா. எங்க ஆத்தா அடிபட்டுட்டாவங்கா. எங்கப்பா எழுதுனது இருக்கட்டும்ங்காவ. அப்ப அடிச்சவன் யாரு?”

“அத எழுத்துல கொண்டு வாரதுக்குத்தாம்லே நான் அலையுதேன். தாள் வரட்டும். கேஸு மாறும். உள்ள போவான்.”

“தாள் வந்துச்சுன்னா நான் கோர்ட்டோட நிறுத்திக்கிடுதேன். சத்தியமாச் சொல்லுதேன். வரலன்னா என்னயக் கேக்காதீங்க.”

இதற்குப் பிறகு என் வேலை அந்தத் தாளை வரவைப்பது என்பதைவிட, அது வந்துகொண்டிருக்கிறது என்று அவனை நம்ப வைப்பதாக ஆகிவிட்டது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வருவான். “பதில் வந்துச்சா மாமா?” என்பான். ‘உங்கள் மனு பரிசீலனையில் உள்ளது’ என்று போனுக்கு வந்த குறுஞ்செய்தியைக் காட்டுவேன். நினைவூட்டுக் கடிதத்தின் நகலைக் காட்டுவேன். ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்த மனுவின் ரசீதைக் காட்டுவேன். ஒரு வாரம் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது. அடுத்த வாரம் அந்த உரிய அலுவலர் உரிய பிரிவுக்கு அனுப்பினார். எனக்கு அது முன்னேற்றம். நகரும் கோப்பு உயிரோடு இருக்கிறது என்பது துறையில் நாங்கள் கற்றது. அவன் காற்றாலையில் வேலை பார்க்கிறவன். சுற்றுகிற எல்லாவற்றிலிருந்தும் மின்சாரம் வராது என்று அவனுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிறு அவன் இடுப்பில் கனமாக எதையோ செருகியிருந்தான். சட்டையைத் தூக்கச் சொன்னேன். தூக்கினான். புதிதாகப் பிடி போட்ட அரிவாள். அதை வாங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சிரித்துக்கொண்டே கொடுத்தான். “கொல்லம்பட்டறையில இது ஒண்ணுதான் இருக்குன்னு நெனைச்சீங்களா மாமா?” என்றான்.

அந்த மாதங்களில் தங்கை கணவர் ஒரு தடவைகூடப் புஞ்சைக்குப் போகவில்லை. தீக்காயம் ஆறிய இடத்தில் தோல் இழுத்துக்கொண்டு, கால் நீட்ட வரவில்லை. யாராவது பேசினால் வலது காதைத் திருப்பிக் காட்டுவார். பல நாள் அதையும் காட்ட மாட்டார்.

மார்கழியில் ஒருநாள் மருமகன் வார நடுவில் வந்தான். பதிலைப் பற்றிக் கேட்கவில்லை. “மாமா, உங்க சைக்கிளு சும்மாதான கெடக்கு? செயின் துரு ஏறுது. கொண்டு போய் எண்ணெய் போட்டுத் தாரேன்” என்றான். கோபம் ஆறிவிட்டது என்று நினைத்தேன். அந்த வண்டியைப் பார்க்கவே முடியாமல் இருந்தவன் அதைத் தொடுகிறானே என்று எனக்குச் சந்தோஷம். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து கொடுத்தேன்.

மறுநாள் விடியக்காலை அவன் அந்த வண்டிப்பாதையில் போனான். மக்காச்சோளம் ஆள் உயரம் நின்றது. பனியில் தரை இறுகியிருந்தது. அந்த வண்டியின் பெருமையே சத்தம் இல்லாததுதான். எண்ணெய் போட்ட செயினும் சத்தம் போடவில்லை. புஞ்சைக்காரர் குத்தவைத்துக் கம்பியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பன்றி வந்தால்கூட அவருக்குக் கேட்டிருக்கும். முதல் வெட்டு வலது முன்கையில், எலும்பு வரை. கையைத் தூக்கித் தடுத்தபோது மூன்று விரல்கள் சோளச்செடியின் தூரில் விழுந்தன. எழுந்து ஓடினார். குதிகாலுக்கு மேல் நரம்பில் ஒரு வெட்டு. அதன் பிறகு ஓட முடியாது. சோளத்துக்குள் தவழ்ந்து போயிருக்கிறார். அவர் போன வழி முழுக்கத் தட்டைகள் மடங்கி, இலையெல்லாம் ரத்தமாக இருந்தன. கழுத்தில் போட வேண்டிய வெட்டை ஏன் போடவில்லை என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அவருக்கு உயிர் இருக்கிறது. கை இல்லை என்று சொல்லலாம்.

மருமகன் வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். முற்றத்துக் குழாயில் கையைக் கழுவினான். காப்பியோடு வந்த அம்மாவிடம், “வெட்டிட்டேம்மா” என்றான். தங்கை டம்ளரைக் கீழே போடவில்லையாம். அவனுக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டு அதன் பிறகுதான் அழுதாளாம்.

அதே காவல் நிலையம், அதே ரைட்டர். எனக்கு அதே நாற்காலி. கைப்பற்றிய பொருள்களின் பட்டியலான மகஜரை எனக்குப் படிக்கக் கொடுத்தார்கள். ரத்தக்கறை படிந்த அரிவாள் ஒன்று. ரத்தக்கறை படிந்த மண். பிறகு, மருமகனை எதிரி என்று குறித்து, ‘எதிரி பயன்படுத்திய, பேட்டரி பொருத்திய மிதிவண்டி ஒன்று’.

“மிதிவண்டியா?” என்று கேட்டேன்.

ரைட்டர் தலையைச் சொறிந்தார். “கொலை முயற்சி கேசு சார். மோட்டார் வாகனம்னு எழுதுனா ஆர்.சி. எங்கன்னு கோர்ட்டுல கேப்பாங்க. யாரு அலையுதது? சைக்கிள்னா ஒரு தொந்தரவும் இல்ல.”

முதல் கேஸில் அந்தச் சொல்லுக்காகத்தான் நான் ஐப்பசியிலிருந்து அலைந்தேன். அவர் அதைப் பேனாவை எடுத்த மாத்திரத்தில் எழுதிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தத் தாளை நான் இரண்டு தடவை படித்தேன், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கிறவனைப் போல.

ஜாமீன் மனு இரண்டு முறை தள்ளுபடியானது. பொங்கலைத் தங்கை வீட்டில் யாரும் கொண்டாடவில்லை. தை பிறந்த பிறகு பாளையங்கோட்டைச் சிறைக்குப் போய் மனுப் போட்டு மருமகனைப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் மெலிந்து நின்றான். அப்பாவின் கால் நீட்ட வருகிறதா என்று கேட்டான். தூரத்துப் புஞ்சையில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டான். ஒன்றும் போடவில்லை என்றேன். பதில் வந்ததா என்று மட்டும் அவன் கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் சொல்வதற்கு அன்று ஒன்றும் இல்லை. மறுநாள் வீட்டுக்குத் தபால் வந்தது. பழுப்பு உறை, சாதாரணத் தபால், என் பெயருக்குப் பின்னால் ‘ஓய்வு’ என்பதற்குப் பதிலாக ‘ஆய்வு’ என்று தட்டச்சு. உள்ளே ஒரே பத்தி. பார்வையில் கண்ட தங்கள் மனு தொடர்பாக, மேற்படி மோட்டார் வாகனத்தின் பதிவு எண், எஞ்சின் எண் ஆகிய விவரங்களைத் தெரிவித்தால் தக்க மேல்நடவடிக்கை எடுக்க ஏதுவாக இருக்கும் என்று கண்டிருந்தது. கீழே பச்சை மையில் கையெழுத்து இருந்தது, தேதி போடவில்லை. பழக்கம் விடவில்லை, வந்த தேதியை ஓரத்தில் நானே குறித்து வைத்தேன்: ஜனவரி இருபத்தொன்பது.